தோன்றா எழுவாய்

இரவு பத்தரைக்குக் கோப்பு வந்தது.
அரசிதழ் சிறப்பு வெளியீடு, விடிவதற்குள் வேண்டுமாம்.
மின்ட் மணிக்கூண்டுப் பக்கம் கடைசி டீக்கடையும்
பால் சட்டியைக் கவிழ்த்துவிட்ட நேரம்.

அச்சகத்தில் நான் மெய்ப்புத் திருத்துகிறவள்.
அவசரச் சட்டத்தின் முகப்பு எனக்கு மனப்பாடம்:
பேரவை கூட்டத்தொடரில் இல்லை என்பதாலும்
உடனடி நடவடிக்கை தேவை என்று
ஆளுநர் மனநிறைவு அடைந்திருப்பதாலும்...

பத்தொன்பது வருஷத்தில்
எத்தனை மனநிறைவுகள் இந்தக் கை வழியாகப் போயிருக்கும்.
ஒருமுறை 'மனநிறை' என்று பாதியில் நின்றிருந்தது.
'வு' வைத்து அனுப்பினேன்.

நிறைந்தது யார் மனம்?
கோட்டையில் ஒரு மேசையைச் சுற்றி எழுதினார்கள்.
கிண்டியில் ஒருவர் கையெழுத்திட்டார்.
எழுதியவர்கள் பெயர் அடியில் இல்லை,
பெயர் உள்ளவர் எழுதவில்லை.
ராயபுரம் பள்ளியில் இதற்கு
தோன்றா எழுவாய் என்று இரண்டு மதிப்பெண் தந்தார்கள்.

தம்பி அருள்தாஸ் இருக்கும் தேசத்தில் அதிபர் ஆட்சி.
எனக்கு இரவென்றால் அவனுக்குப் பகல்.
"இங்க சுத்தி வளைக்கறதெல்லாம் கெடையாதுக்கா.
ஒரே ஆளு. கேமரா முன்னாடி குந்திக்கினு
தடிப் பேனாவுல போட்டாரு.
எம் பொழப்பு அந்தரத்துல தொங்குது."
அந்த ஆணையின் முதல் வரியை வாசித்துக் காட்டினான்:
எனக்கு வழங்கப்பட்ட அதிகாரத்தைக் கொண்டு, நான்.

நான்!
தன்மை ஒருமை.
இத்தனை வருஷத்தில் என் மேசைக்கு வராத சொல்.
பயமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும்.

"நம்ம ஊர்ல பரவால்லடா" என்றேன்.
"பேரவை கூடி ஆறு வாரத்துல
இதுக்கு ஆயுசு முடிஞ்சிரும்."
"முடிஞ்சத ஒன்னாவது பாத்துக்கீறியா?"

யோசித்தேன்.
முகப்பை மட்டும் கழற்றிவிட்டு
அதே பிரிவுகள் சட்ட முன்வடிவாகத் திரும்பி வரும்.
எழுதியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்,
அவர்களை உட்காரவைத்தவர்கள் பின்வரிசையில்.
ஆம் என்போர்... இல்லை என்போர்...
ஆம் என்போரே அதிகம்.
ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அவன் ஊர் அதிபருக்கு அந்த வசதி இல்லை.
மன்றம் வேறு கட்டடம், வேறு ஆட்கள்,
பணம் தரமாட்டேன் என்றுகூடச் சொல்வார்களாம்.
ஏதோ ஒரு சிறு நகரத்து நீதிபதி நிறுத்திவைக்கலாம்.
அடுத்து வரும் 'நான்' இந்த 'நானை' அடித்துவிடலாம்.
மன்றம் தராததால் அவர் தனியே எழுதுகிறார்.
மன்றம் எப்படியும் தரும் என்பதால்
இவர்கள் முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள்.
இதில் யார் கை நீளம்?
தம்பிக்குச் சொல்லத் தெரியவில்லை. அட்டை தீர்ந்துபோனது.

பிரிவு நான்கு, உட்பிரிவு இரண்டு:
அனுமதியற்ற வண்டிகள் அகற்றபடும்.
சிவப்பு மையில் ஒரு 'ப்' சேர்த்தேன்.
அகற்றப்படும்.
இப்போது பிழையில்லை.
காசிமேட்டில் எந்த வண்டி என்று எனக்குத் தெரியும்.
மூன்று மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கியது,
மேசை அதிர்ந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் லாரி வந்தது.
அமலோற்பவம் கரண்டியோடு குறுக்கே நின்றாள்.
"யார்ரா சொன்னது? பேரச் சொல்லு!"
வந்தவன் கைப்பேசியை உற்றுப் பார்த்தான்.
"கெஜட்ல வந்துருச்சும்மா."
"கெஜட்டுன்றவன் எந்தத் தெரு?"
யாரோ சிரித்தார்கள்.
நெத்திலித் தட்டு மண்ணில் கிடந்தது.
எண்ணெய்ச் சட்டியை மட்டும் இறக்கிக்கொள்ள விட்டார்கள்,
சூடு இன்னும் ஆறாமல்.

அந்நேரம் பார்த்துத் தம்பியின் செய்தி:
ஸ்டே கெடச்சிருச்சுக்கா. தற்காலிகமாத்தான்.

நிமிர்ந்தபோது அமலோற்பவம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"நீ அங்கதான வேல பாக்குற?"

ஆமாம் என்றேன்.